கரை வேட்டியும் மனச்சாட்சியும்

2021ஆம் ஆண்டு மாசி மாதக் கடைசியில், சட்டமன்றத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்த சமயம், குமாரபாளையத்தில் காவிரிக்கு அண்மையிலுள்ள ஒரு தெருவில், விசைத்தறிக் கூடம் ஒன்றின் திண்ணையில் ஒரு பிற்பகல் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. உள்ளே நான்கு தறிகள் காதடைக்கும்படி ஓடிக்கொண்டிருந்தன. இரண்டில் கறுப்பும் சிவப்புமாக வேட்டிக்கரை ஓடிற்று. மற்ற இரண்டில் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு புகுந்திருந்தது. அந்தக் கோட்டின் அகலம் ஒரு விரற்கடைகூட இராது. ஆனால் தி.மு.க.விலிருந்து அ.தி.மு.க. பிரிந்த 1972ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு அரசியல் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு இப்புறமும் அப்புறமுமாகவே நடந்துவந்திருக்கிறது. தறிகளைக் கவனித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் அறுந்த இழையை முடிந்துகொண்டே, "தறிக்கு ஏதுங்க கட்சி? பாவு எப்படி ஏத்தறமோ அப்படித்தானுங்க கரை வரும்" என்றார். அவர் இடுப்பில் கட்டியிருந்த வேட்டியிலும் ஒரு கரை இருந்தது. அது எந்தக் கரை என்பது இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை.

தறிக்குக் கட்சி இல்லை; தறி ஓட்டுகிறவருக்கு உண்டு. அவருடைய தகப்பனாருக்கும் பெரும்பாலும் அதே கட்சிதான் இருந்திருக்கும். சேலம், நாமக்கல் சமவெளியில் கட்சி என்பது வெறும் அபிப்பிராயம் அன்று. கலியாணப் பத்திரிகையில் அச்சாகும் பெயர், துக்க வீட்டுக்கு முதலில் வந்து நிற்கும் வண்டி, பையனுடைய வேலைக்காகப் படியேறும் வீடு எல்லாம் சேர்ந்த பந்தம் அது. இத்தகைய விசுவாசத்தை இழிவாகப் பேசுவது நகரத்து மேதாவிகளுக்குச் சுலபம். ஆயினும் அந்த விசுவாசமும் மனச்சாட்சியும் ஒருநாள் நேருக்கு நேர் நிற்க நேரிடுகிறது. 2018ஆம் ஆண்டில் சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே எட்டுவழிச் சாலைக்காக நிலம் அளக்கப்பட்டபோது, தகப்பன் காலந்தொட்டு அ.தி.மு.க.வின் இரட்டை இலைக்கே வாக்களித்துவந்த ஒரு விவசாயியின் நிலையை எண்ணிப் பாருங்கள். முதலமைச்சரோ எடப்பாடிக்காரர், நம் ஜில்லாவின் மனிதர்; அளவுக்கல்லோ நம் தென்னைக்கும் கிணற்றுக்கும் நடுவில். அந்த நில எடுப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8ஆம் தேதி ரத்துச் செய்தது. பத்தாம் நாள் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் சேலம் தி.மு.க.வின் வசமாயிற்று. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்திட்டத்துக்கு வழிவிட்டது. அடுத்த ஆண்டு வந்த சட்டமன்றத் தேர்தலில், மாநிலம் முழுவதும் தி.மு.க. வென்றபோது, சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 அ.தி.மு.க. கூட்டணிக்கே கிடைத்தன. 1997 வரை அதே சேலத்தின் பகுதியாயிருந்த நாமக்கல்லில் 6 தொகுதிகளில் 4 தி.மு.க. அணிக்குப் போயின. சாலை ஒன்றே இதற்கெல்லாம் காரணம் என்பது பிழையாகும். ஆனால் விசுவாசமும் மனக்குறையும் ஒரே நெஞ்சில் குடியிருப்பதற்கு இது ஒரு பிரத்தியட்ச சாட்சி.

வாக்காளனுக்கு இந்த நிர்ப்பந்தம் ஏன் ஏற்படுகிறது? நம் தேர்தல் முறையில் ஒரு வாக்கு அதிகம் பெற்றவரே வென்றவர். மற்றவர்களுக்கு விழுந்த வாக்குகள் எத்தனை ஆயிரமானாலும் அவற்றுக்குச் சபையில் பிரதிநிதித்துவம் இல்லை. ஆகவே, தமக்கு மிகவும் பிடித்த மூன்றாமவருக்கு வாக்களித்தால், தமக்குச் சிறிதும் பிடிக்காதவர் வந்துவிடுவாரோ என்று அஞ்சி, ஜனங்கள் இரண்டு பெரிய கட்சிகளிடமே திரும்பத் திரும்ப வந்து சேர்கிறார்கள் என்று மோரிஸ் துவெர்ஜே என்ற பிரெஞ்சு அறிஞர் 1951ஆம் ஆண்டிலேயே எழுதினார். அந்த அச்சம் வீண் அச்சமன்று. 2000ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில், புளோரிடா மாநிலத்தில் ஜார்ஜ் புஷ் வென்றது 537 வாக்கு வித்தியாசத்தில். அங்கே கொள்கைக்காக மூன்றாமவரான ரால்ப் நாடருக்கு வாக்களித்தவர்களோ தொண்ணூறாயிரத்துக்கும் அதிகம்.

கட்சியா கொள்கையா என்ற இந்தக் கேள்வியை நம் சமவெளியில் ஒரு குடும்பமே மூன்று தலைமுறையாகச் சுமந்திருக்கிறது. திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள குமாரமங்கலத்தின் ஜமீன்தாரான டாக்டர் ப. சுப்பராயன், 1926இல் சென்னை மாகாணத்தின் முதன்மந்திரி ஆனபோது எந்தக் கட்சியையும் சேராதவர். சுயராஜ்யக் கட்சியினர் அதிக இடங்களைப் பிடித்தும் பதவி ஏற்க மறுத்ததால் அவருக்கு அந்த வாய்ப்பு வந்தது. சைமன் கமிஷன் விஷயத்தில் மந்திரிகள் இருவர் விலகிக்கொள்ள, பின்னர் ஜஸ்டிஸ் கட்சியாரின் ஆதரவில் 1930 வரை ஆண்டார். அவரே பிற்பாடு காங்கிரஸில் சேர்ந்து, 1937இல் ராஜாஜியின் மந்திரி சபையில் அமர்ந்தார். அவருடைய மக்களில் ஒருவர் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். மற்ற மக்களில் மோகன் குமாரமங்கலமும் பார்வதி கிருஷ்ணனும் பொதுவுடைமைவாதிகள் ஆனார்கள். 1957இல் அமைந்த மக்களவையில் தகப்பனார் காங்கிரஸ் உறுப்பினராகவும், சில ஆண்டுகளில் மத்திய மந்திரியாகவும் ஒரு புறம் வீற்றிருக்க, கோயம்புத்தூரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மகள் எதிர்வரிசையில் அமர்ந்திருந்தார். மோகன் குமாரமங்கலம், முற்போக்காளர்கள் காங்கிரஸுக்குள் நுழைந்து அதை உள்ளிருந்தே மாற்றவேண்டும் என்று ஒரு சித்தாந்தமே வகுத்து, அதன்படி காங்கிரஸில் சேர்ந்து, இந்திரா காந்தியின் அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறையை வகித்து, 1973இல் விமான விபத்தில் மாண்டார். அவருடைய புதல்வர் ரங்கராஜன், சேலம் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினராக மும்முறை வென்று, கடைசியில் பாரதிய ஜனதாவில் சேர்ந்து மத்திய மந்திரியானார்.

இந்த மாற்றங்களில் எது கொள்கைக்காக நேர்ந்தது, எது சந்தர்ப்பத்தால் நேர்ந்தது என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது கடினம். எனினும் சாமானியருக்குக் கைகொடுக்கும் ஓர் அளவுகோல் உண்டு: மாறியபோது அந்த மனிதர் பெற்றது என்ன, இழந்தது என்ன?

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கத்தக்க மற்றொருவர், சேலத்தில் வக்கீலாயிருந்து, 1917இல் சேலம் நகரசபைத் தலைவராகி, 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவிய ராஜாஜி. மதுவிலக்கு அவருக்குத் தேர்தல் கோஷமாக வந்ததன்று. அந்த ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை அவர் நடத்தினார். கல்கி அதில் அவருக்கு உதவியாயிருந்தார். முதன்மந்திரியானதும், 1937 அக்டோபர் 1ஆம் தேதி, மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடினார். அப்படிப்பட்டவர், 1942இல், பாகிஸ்தான் பிரச்சினையிலும் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்திலும் தம் கட்சியோடு ஒத்துப்போக முடியாமல், காங்கிரஸை விட்டே வெளியேறினார். அந்த விலகலால் அவர் அடைந்தது ஏச்சும் தனிமையுந்தான். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தபோது அவருக்கு வயது 80. காங்கிரஸின் சகாவாகவே இருந்திருந்தால் பெற்றிருக்கக்கூடிய மரியாதைகளை அந்த வயதில் அவர் வேண்டாமென்று தள்ளினார்.

ஆனால் 1967 வந்தபோது, கொள்கையில் அத்தனை பிடிவாதமுள்ள அந்த முதியவரே, காங்கிரஸை வீழ்த்துவதற்காகத் தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்தார். அவர் ஆஸ்திகர், அவர்கள் நாஸ்திகத்தில் வளர்ந்தவர்கள். போதாதற்கு, அதே கூட்டணியில் மார்க்சிஸ்டுகளும் இருந்தார்கள். கொள்கைப் பொருத்தம் பார்த்தால் ஒரு பொருத்தமும் தேறாது. இரண்டே அணிகள் மோதும் களத்தில், அப்போதைக்குப் பெரிய தீங்கு எதுவென்று தாம் நினைத்தாரோ அதை அகற்றுவதற்குத் தம் செல்வாக்கை அவர் கடனாகக் கொடுத்தார் என்பதே பொருத்தமான விளக்கமாகும். காங்கிரஸ் வீழ்ந்தது; அண்ணா முதலமைச்சரானார்; அவர் உயிரோடிருந்தவரை மதுவிலக்கும் நிலைத்தது. பின்னர் 1971 தேர்தலில், தம்முடைய நெடுநாளைய போட்டியாளரான காமராஜருடன் கைகோத்துக்கொண்டு, அதே தி.மு.க.வை எதிர்த்தார் ராஜாஜி, தோற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் கருணாநிதியின் அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. அது வேண்டாமென்று மன்றாடுவதற்காக அந்தத் தள்ளாத வயதிலும் முதலமைச்சரை நேரில் போய்ப் பார்த்தார். பலனில்லை. தாம் முதன்முதலில் கடையை மூடிய சேலத்தில் மறுபடி கடை திறந்ததைக் கண்ணாற் கண்டுவிட்டு, 1972 டிசம்பரில் அவர் காலமானார்.

கொடுத்த கடன் திரும்பவில்லையே என்று இதைப் படிப்பவர்கள் பரிதாபப்படலாம். நான் அதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். 1967இன் வாக்குச்சீட்டு அவரைக் கேட்டது ஒரே கேள்வி: இந்த இரண்டில் எது? மதுவிலக்கைப் பற்றி அது கேட்கவேயில்லை. கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னார். கேளாத கேள்விக்குப் பதிலாக, ஆசிரமம் வைத்ததும், பத்திரிகை நடத்தியதும், தோற்ற பிறகும் வாசற்படி ஏறி மன்றாடியதும் இருந்தன. கொள்கை முழுவதையும் வாக்கின்மேலேயே ஏற்றிவைத்து, அது சுமக்காதபோது நொந்துகொள்கிறவர்களும், வாக்கைக் கொடுத்தாயிற்று என்பதற்காகக் கொள்கையையும் கூடவே கட்சியிடம் கொடுத்துவிடுகிறவர்களும் ஒரே தவற்றைத்தான் இரண்டு விதமாகச் செய்கிறார்கள்.

இரண்டும் வேண்டாம் என்று சொல்ல வழியில்லையா என்றால், அதற்கும் தமிழ்நாட்டின் முதல் சோதனை நடந்தது நம் பக்கத்தில்தான். முன்பெல்லாம் யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவர், வாக்குச்சாவடி அதிகாரியிடம் அதைச் சொல்லிப் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டும்; ஊரறியச் சொல்வதற்கு அது சமானம். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் இயந்திரத்திலேயே 'நோட்டா' பொத்தான் வந்தது. தமிழ்நாட்டில் அதை முதலில் அழுத்தியவர்கள், அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் தேதி ஏற்காடு இடைத்தேர்தலில் வாக்களித்த மலைவாசிகளும் அடிவாரத்து மக்களுமே. இரண்டு பெரிய கட்சிகள் மோதிய அந்தத் தேர்தலில் நான்காயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தப் பொத்தானைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் நோட்டாவுக்கு எத்தனை வாக்கு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் பெற்றவரே உறுப்பினர் ஆவார். வருத்தத்தைப் பதிவுசெய்ய அது உதவும். தொகுதிக்கு ஓர் ஆளைத் தருவது அதனால் ஆகாது.

வாக்காளனுக்காவது திரை மறைவு உண்டு. அவன் அனுப்புகிற பிரதிநிதிக்கு அதுவும் இல்லை. தொகுதியின் ஏவலாளாக அன்றித் தன் சுயபுத்தியால் வாக்களிப்பதே பிரதிநிதியின் கடமை என்று 1774இல் பிரிஸ்டல் நகரத்தாரிடம் சொன்ன எட்மண்ட் பர்க், ஆறே ஆண்டுகளில் அந்தத் தொகுதியை விட்டு விலக நேர்ந்தது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் கட்டளையை மீறினால் உறுப்பினர் பதவியே போய்விடக்கூடும். பணத்துக்கு விலைபோவதைத் தடுக்க வந்த அச்சட்டம் மனச்சாட்சிக்கும் சேர்த்தே பூட்டுப் போட்டது. அந்தப் பூட்டும் எல்லோருக்கும் ஒன்றாக விழுவதில்லை. 2017 பிப்ரவரி 18ஆம் தேதி, எடப்பாடி பழனிசாமி 122 வாக்குகளால் நம்பிக்கை பெற்றபோது, எதிர்த்து வாக்களித்த அவர் கட்சியினர் 11 பேரும் உறுப்பினர்களாகவே நீடித்தார்கள். சில மாதங்களுக்குப் பின் ஆளுநரிடம் ஆதரவு வாபஸ் கடிதம் கொடுத்த 18 பேரோ தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள்.

ஆகவே தன் அபிப்பிராயத்தை யாருக்கும் கணக்குக் காட்டாமல் வெளியிடும் உரிமை, இந்த அமைப்பில், அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நிற்கும் அந்தச் சில விநாடிகளில் சாமானியனுக்கே மிஞ்சியிருக்கிறது.

குமாரபாளையத்துப் பெரியவரிடம் விடைபெறும்போது, வாக்குப்பதிவு அன்றும் இந்த வேட்டியோடுதான் போவீர்களா என்று கேட்டேன். அவர் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அன்னிக்கு வெறும் வெள்ளை வேட்டிதானுங்க கட்டோணும். கரை போட்டதைக் கட்டீட்டுப் போனா வாசல்லயே நிறுத்திப்போடுவாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தறியை ஓடவிட்டார்.