ஆட்டமும் பூட்டும்

ஆங்கிலத்தில் ‘ஜாகிள்’ என்றொரு சொல் உண்டு. லேசாகக் குலுக்குவது, அசைத்து ஆட்டுவது என்று அகராதி பொருள் சொல்லும். கொத்தனாரைக் கேட்டால் வேறு பொருள் கிடைக்கும்: அடுக்கிய கற்கள் நழுவாமல் இருக்கப் போடும் பூட்டு. ஆட்டத்துக்கும் அதுதான் பெயர், ஆட்டத்தை அடக்குவதற்கும் அதுதான் பெயர்!

அந்தப் பூட்டு மிக எளிது. கீழ்க்கல்லின் மேல்முகத்தில் ஒரு குழி. மேல்கல்லின் அடிமுகத்தில், அதற்கு நேராக இன்னொரு குழி. இரண்டிலும் பாதிப்பாதி புதைந்திருக்கும் ஒரு கல்துண்டு. திருகையின் நடுமுளை மேல்கல்லை விலகவிடாமல் பிடிப்பதைப் போலத்தான். மேல்கல் நழுவ வேண்டுமானால் அந்தத் துண்டே முறிய வேண்டும்.

இந்தப் பூட்டைக் கடலோடு மோதவிட்டவர் ஜான் ஸ்மீட்டன். இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் தள்ளி, அலைகளுக்கு நடுவே இருக்கிறது எடிஸ்டோன் பாறை. அங்கே எழுந்த முதல் கலங்கரை விளக்கத்தை 1703இல் புயல் கொண்டுபோனது. அடுத்து வந்த மரக்கோபுரம் 1755இல் எரிந்தது. மறு ஆண்டே ஸ்மீட்டன் கல்லில் கட்டத் தொடங்கினார்.

பெரிய கற்கள் ஒரு டன்னுக்குக் குறையாது. ஒரு சின்ன காரின் எடை. ஒரே வரிசையில் உள்ள கற்களைப் புறாவால் இணைப்பால் கோத்தார். புறாவின் வாலைப் போல விரிந்த முனை, அதே வடிவப் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும் இணைப்பு அது. மேசை இழுப்பறையின் மூலையில் பார்த்திருப்பீர்கள். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே பளிங்கு ஜாகிள்கள். கற்களைக் கரையிலேயே ஒருமுறை அடுக்கிப் பொருத்திப் பார்த்த பிறகுதான் படகில் ஏற்றினார்.

சாந்துக்கும் ஒரு தேடல் நடந்தது. பலவகைச் சுண்ணாம்புக் கற்களை அமிலத்தில் கரைத்துப் பார்த்தார். களிமண் வண்டலை மிச்சம் வைத்த கல்லின் சுண்ணாம்புதான் தண்ணீருக்குள்ளும் இறுகியது. இன்றைய சிமென்ட்டுக்கு வழிகாட்டிய கண்டுபிடிப்பு அது.

1759 அக்டோபர் 16 அன்று, ஐந்தாறு மாடி உயரக் கோபுரத்தின் உச்சியில் 24 மெழுகுவர்த்திகள் எரிந்தன. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கோபுரம் நின்றது. ஆனால் அடியில் இருந்த பாறையை அலைகள் அரித்துவிட்டன. பேரலை மோதும்போதெல்லாம் கோபுரம் முழுவதும் ஒரே கல்லைப்போல ஆடியது. கற்கள் மட்டும் பிரியவில்லை. ஜாகிளின் இரண்டு பொருளும் அங்கே ஒன்றாகக் குடியிருந்தன.

1882இல் புதிய கலங்கரை விளக்கம் வந்தது. பழைய கோபுரத்தின் மேற்பகுதியைக் கழற்றி, பிளிமத் கரையில் மறுபடி நிறுத்தினார்கள். அடிப்பகுதி இன்றும் அதே பாறையில், அலைகளுக்கு நடுவே, பூட்டியபடியே நிற்கிறது.