வீட்டுக் கணினிக்கு நச்சுநிரல் தடுப்பு: காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?

புதிய கணினி வீட்டுக்கு வந்த சில வாரங்களில் திரையின் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் தோன்றும். இலவசப் பாதுகாப்புக் காலம் முடியப்போகிறது, உடனே புதுப்பிக்க வேண்டும் என்று அது எச்சரிக்கும். பணம் கட்டாவிட்டால் கணினியே கெட்டுவிடுமோ என்று பயந்து கடன்பற்று அட்டையை எடுப்போர் உண்டு. தொல்லை தாங்காமல் கட்டத்தை மூடிவிட்டு, பிறகு அதைப் பற்றி நினைக்காமலே இருப்போரும் உண்டு. இரண்டுமே யோசித்து எடுத்த முடிவல்ல.

இன்று பிள்ளைகளின் பாடங்கள், குடும்பப் புகைப்படங்கள், வருமான வரிக் கணக்கு, வங்கிச் சேவை எல்லாம் ஒரே கணினிக்குள் அடங்கிவிடுகின்றன. எனவே அதைக் காக்கும் மென்பொருளை எதன் அடிப்படையில் தேர்ந்தெடுப்பது என்பது ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

தடுப்பு மென்பொருள் என்ன செய்கிறது?

வைரஸ் எனப்படும் நச்சுநிரலும் ஒரு மென்பொருள்தான். உரிமையாளருக்குத் தெரியாமல் அவருக்குத் தீங்கு செய்யும்படி அது எழுதப்பட்டிருக்கும். தடுப்பு மென்பொருள் அதை இரண்டு வழிகளில் பிடிக்கிறது. முதலாவது, அடையாளம் பார்ப்பது. காவல்துறையினர் தேடப்படுவோரின் படங்களை வைத்திருப்பதுபோல, ஏற்கெனவே அகப்பட்ட நச்சுநிரல்களின் அடையாளப் பட்டியலை அது வைத்திருக்கும். கணினிக்குள் வரும் ஒவ்வொரு கோப்பையும் அந்தப் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்க்கும்.

இந்த வழியின் பலவீனம் 2000ஆம் ஆண்டு மே மாதம் வெளிப்பட்டது. ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்புடன் பிலிப்பீன்ஸிலிருந்து கிளம்பிய மின்னஞ்சல் சில மணி நேரத்தில் உலகைச் சுற்றியது. காதல் கடிதம் என்று நம்பி இணைப்பைத் திறந்தவரின் படக் கோப்புகளை அழித்துவிட்டு, அவருடைய முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லாருக்கும் அது தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. அதன் அடையாளம் பட்டியலில் சேரும் முன்பே பல மில்லியன் கணினிகள் பாதிக்கப்பட்டன.

எனவேதான் இரண்டாவது வழி முக்கியத்துவம் பெற்றது. அது நடத்தையைக் கவனிப்பது. ஒரு மென்பொருள் திடீரென்று நூற்றுக்கணக்கான கோப்புகளைப் பூட்டத் தொடங்கினால், அதன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் அதைத் தடுத்து நிறுத்த வேண்டும். இன்று நல்ல தடுப்பு மென்பொருள்கள் இரண்டு வழிகளையும் பயன்படுத்துகின்றன. சந்தேகத்துக்குரிய கோப்பைத் தயாரிப்பு நிறுவனத்தின் கணினிகளுக்கு அனுப்பி உடனுக்குடன் விசாரிப்பதும் உண்டு.

இலவசமா, கட்டணமா?

கணினி வாங்கியதும் தடுப்பு மென்பொருளையும் காசு கொடுத்து வாங்கிவிட வேண்டும் என்பது ஒரு தரப்பினரின் வாதம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அது சரியான அறிவுரையே. 2001இல் வெளிவந்த அந்த இயங்குதளத்துடன் நச்சுநிரல் தடுப்பு எதுவும் சேர்ந்து வரவில்லை. கடைகளில் பெட்டிக்குள் வைத்து விற்கப்பட்ட குறுவட்டை வாங்குவது அன்று அவசியமாக இருந்தது.

நிலைமை பின்னர் மாறியது. மைக்ரோசாப்ட் 2009இல் இலவசத் தடுப்பு மென்பொருள் ஒன்றை வெளியிட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ‘டிஃபெண்டர்’ என்னும் தடுப்பு இயங்குதளத்துடனேயே சேர்ந்து வருகிறது. ஆப்பிள் கணினிகளிலும் அடிப்படைத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. எனவே தனியாக எதுவும் தேவையில்லை என்பது மறுதரப்பினரின் வாதம்.

இதற்கு நடுவராக இருக்கக்கூடியவை சுயேச்சையான சோதனைக் கூடங்கள். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய இரண்டும் நெடுங்காலமாக இப்பணியைச் செய்துவருகின்றன. ஏவி-டெஸ்ட் மூன்று பிரிவுகளில் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 6 புள்ளிகள் தருகிறது. எவ்வளவு நச்சுநிரல்களைத் தடுத்தது, கணினியின் வேகத்தை எவ்வளவு குறைத்தது, தீங்கற்ற கோப்புகளைத் தவறாகப் பிடித்ததா என்பனவே அப்பிரிவுகள். ஒரு காலத்தில் மைக்ரோசாப்டின் தடுப்பு இச்சோதனைகளில் பின்தங்கியே இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது கட்டண மென்பொருள்களுக்கு இணையான புள்ளிகளைப் பெற்றுவந்துள்ளது.

ஆக, ஒரே ஒரு விண்டோஸ் கணினியில் மின்னஞ்சல், பள்ளிப்பாடம், வங்கிச் சேவை என்று பயன்படுத்தும் குடும்பத்துக்கு உள்ளிருக்கும் தடுப்பே போதுமானது. கட்டணம் கட்டும்போது கிடைப்பவை பெரும்பாலும் கூடுதல் வசதிகள்தான். பல கணினிகளையும் கைத்தொலைபேசிகளையும் ஒரே சந்தாவில் காப்பது, மறைச்சொற்களைச் சேமிப்பது, பிள்ளைகள் பார்க்கும் தளங்களைக் கட்டுப்படுத்துவது, சிக்கல் வந்தால் தொலைபேசியில் உதவி கேட்பது போன்றவை அவை. இவற்றில் எது வீட்டுக்கு உண்மையிலேயே தேவை என்று முதலில் எழுதிப் பார்ப்பது நல்லது. தேவை இருந்தால் பணம் கொடுப்பதில் தவறில்லை. பயத்துக்காகக் கொடுப்பதுதான் வீண்.

இலவசத்துக்கும் விலை உண்டு

உள்ளிருக்கும் தடுப்பு வேறு, இணையத்தில் கிடைக்கும் இலவசத் தடுப்பு மென்பொருள்கள் வேறு. பின்னதில் ஒரு கேள்வியை அவசியம் கேட்க வேண்டும்: அந்நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலானவை கட்டணப் பதிப்பை வாங்கும்படி விளம்பரம் காட்டுகின்றன. அது நியாயமான வியாபாரம். ஆனால் பயனீட்டாளர்கள் எந்தெந்த இணையத்தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரங்களைத் துணை நிறுவனம் ஒன்றின் வழி விற்றதாக அவாஸ்ட் நிறுவனம்மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2024இல் 16.5 மில்லியன் அமெரிக்க டாலர் செலுத்த அந்நிறுவனம் இணங்க வேண்டியதாயிற்று. அந்தத் துணை நிறுவனம் 2020லேயே மூடப்பட்டுவிட்டது.

தடுப்பு மென்பொருளுக்குக் கணினியின் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும். வீட்டுச் சாவியை ஒருவரிடம் கொடுப்பதற்கு ஒப்பானது அது. 2024 ஜூன் மாதம் காஸ்பர்ஸ்கி மென்பொருளின் விற்பனைக்கு அமெரிக்க அரசாங்கம் தடை விதித்ததற்கும் இந்த நம்பிக்கைப் பிரச்சினையே காரணம். ரஷ்யாவைச் சேர்ந்த அந்நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. சாவி யாரிடம் போகிறது என்று பார்ப்பதும் தேர்வின் ஒரு பகுதியே.

வாங்குவதென்றால் கவனிக்க வேண்டியவை

முதலாவது, ஒரே ஒரு சோதனையை மட்டும் பார்க்காமல், தொடர்ந்து பல சோதனைகளில் நல்ல புள்ளி பெற்றதா என்று பார்க்க வேண்டும். சோதனை முடிவுகளைக் கூடங்களின் இணையத்தளங்களில் இலவசமாகப் படிக்கலாம்.

இரண்டாவது, முதலாண்டு விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. கழிவு விலையில் சேர்த்துக்கொண்டு, அடுத்த ஆண்டு முழு விலையை அட்டையிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இத்துறையில் சாதாரணம். தானியங்கிப் புதுப்பிப்பை வாங்கிய அன்றே நிறுத்திவைக்கலாம்.

மூன்றாவது, ஒரே கணினியில் இரண்டு தடுப்பு மென்பொருள்களை முழுநேரமும் இயக்கக் கூடாது. ஒன்றை மற்றொன்று சந்தேகித்துக் கணினியை மந்தமாக்கிவிடும். வேறொரு தடுப்பை நிறுவும்போது டிஃபெண்டர் வழக்கமாகத் தானே ஒதுங்கிக்கொள்ளும். கணினியுடன் வந்த சோதனைப் பதிப்பு காலாவதியாகிவிட்டால் அதை அப்படியே விட்டுவைக்காமல் முறையாக நீக்கிவிட வேண்டும். நீக்கியபின் டிஃபெண்டர் மீண்டும் காவலுக்கு வந்துவிட்டதா என்பதை ‘விண்டோஸ் பாதுகாப்பு’ பக்கத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம்.

மென்பொருளால் காக்க முடியாத இடம்

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் தடுப்பு மென்பொருள் தனியே நின்று காக்காது. 2017 மே 12ஆம் தேதி பரவிய ‘வான்னாக்ரை’ நச்சுநிரல் கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 அமெரிக்க டாலர் பிணைப்பணம் கேட்டது. இங்கிலாந்தில் பல அரசாங்க மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. சிங்கப்பூரிலும் கடைத்தொகுதி வழிகாட்டித் திரையில் அதன் அறிவிப்பு தோன்றியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதங்கள் அத்திருத்தத்தை ஏற்காமல் இருந்த கணினிகளே மாட்டிக்கொண்டன.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிவுக்கு வந்தது. கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களுக்கெனப் பதிந்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு ஓராண்டுச் சலுகை அறிவிக்கப்பட்டது. திருத்தங்கள் வராத பழைய கணினிக்கு விலையுயர்ந்த தடுப்பு வாங்குவது, தாழ்ப்பாள் உடைந்த கதவுக்குக் காவலாளி வைப்பதைப் போன்றது. அந்தப் பணத்தைக் கணினியை மாற்றுவதற்குச் சேர்த்துவைப்பதே மேல்.

குடும்பப் புகைப்படங்களுக்கு நகல் எடுத்துவைப்பதும் அவசியம். நகல் உள்ள வெளிப்புற வன்தட்டைக் கணினியோடு எந்நேரமும் இணைத்தே வைத்திருந்தால் நச்சுநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். நகல் எடுத்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றைய மோசடிக்காரர்கள் கணினியைவிட மனிதரையே குறிவைக்கிறார்கள். சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு மட்டும், கைத்தொலைபேசியில் தீங்கான செயலிகளைப் பதிவிறக்கம் செய்யவைத்து ஏமாற்றிய சம்பவங்கள் 1,800க்கு மேல் பதிவாயின. 34 மில்லியன் வெள்ளிக்கு மேல் பறிபோனது. பலரும் யாரோ அனுப்பிய இணைப்பை நம்பித் தாங்களே செயலியை நிறுவியவர்கள்.

கணினியிலும் இதே கதைதான். திரை முழுவதும் சிவப்பு எச்சரிக்கை தோன்றி, இந்த எண்ணை உடனே அழையுங்கள் என்று சொன்னால் அது மோசடி. மைக்ரோசாப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இடம்பெறாது. தடுப்பு மென்பொருளின் சந்தா பல நூறு வெள்ளிக்குப் புதுப்பிக்கப்பட்டதாகவும், ரத்துசெய்ய அழைக்கும்படியும் வரும் மின்னஞ்சலும் அதே வகைதான். அழைத்தால், கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்வார்கள். அதை நிறுவிவிட்டால் உரிமையாளரே கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். பிறகு எந்தத் தடுப்பு மென்பொருளையும் குறைசொல்லிப் பயனில்லை.

முதியவர்கள் தனியே கணினி பயன்படுத்தும் வீடுகளில் இதைப் பொறுமையாக ஒருமுறை உட்கார்ந்து விளக்குவது, எந்தச் சந்தாவையும்விடப் பயனுள்ளது. ஏமாந்துவிட்டால் திட்டுவார்களோ என்ற பயத்தில் பலர் விஷயத்தை மறைத்துவிடுகிறார்கள். அந்தத் தாமதத்தில்தான் பணம் கைமாறிவிடுகிறது. சந்தேகம் வந்தால் பிள்ளைகளில் ஒருவரையோ, சிங்கப்பூரில் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணையோ, மலேசியாவில் 997 என்ற எண்ணையோ உடனே அழைக்கலாம் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். பணம் அனுப்பியது தெரிந்தால் முதலில் வங்கியை அழைக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே சேர்த்து எழுதிவிடுவது நல்லது.