நரம்பு சரியில்லடா மாப்ள!

தூண்டில் வாங்கின முதல் வாரமே எனக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிட்டது. ‘ஏரிக்குச் சோறு போடுறவன்’! கோதுமை மாவை உருண்டை பிடித்து முள்ளில் குத்திப் போடுவேன். மீன்கள் நிதானமாகத் தின்றுவிட்டுப் போகும். அவ்வளவுதான் மேட்டர்.

பக்கத்திலேயே என் தாய்மாமா. கையில் மூங்கில் கம்பு, நெட்டியில் செதுக்கிய தக்கை. மனுஷன் பீடியைக்கூட அணைக்காமல் ஜிலேபி ஜிலேபியாக இழுத்துப் போடுவார் (ஸ்வீட் இல்லை பாஸ், மீன்!). நானோ ஏழடி மடக்குக் கம்பு, பளபள ரீல் சகிதம் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. மானம் போகுமா, போகாதா?

நாலு நாள் கழித்து மாமா என் ரீலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொன்னார். “நரம்பு சரியில்லடா மாப்ள.”

நரம்பு என்றால் தூண்டில் நைலான். தென் மாவட்டத்து மக்களுக்குத் தங்கூசி என்றால் புரியும். ஆன்லைனில் கம்பும் ரீலும் செட்டாக வாங்கினால் அதில் ஒரு நரம்பை ஃப்ரீயாகச் சுற்றித் தருவார்கள். எனக்கு வந்தது 0.40 மி.மீ. பருமன். ‘தடியா இருந்தா அறுகாது, நல்லதுதானே’ என்று நானும் சந்தோஷப்பட்டேன். அங்கேதான் ஆப்பு!

தக்கைத் தூண்டிலின் மொத்த ரகசியமும், மீன் வாய் வைத்ததைத் தக்கை நமக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான். ஜிலேபி ஒன்றும் சுறா இல்லை. மாவை உதட்டால் உறிஞ்சும், பிடிக்காவிட்டால் துப்பும். அந்தக் குட்டி அசைவு மேலே வர நரம்பு மெலிசாக, தொளதொளவென்று இருக்க வேண்டும். என் 0.40 நரம்போ மெத்தை ஸ்பிரிங் மாதிரி சுருண்டு சுருண்டு நின்றது. வீசினால் தக்கை பத்தடி தாண்டாது. அப்படியே விழுந்தாலும், தண்ணீர் மேல் கிடக்கும் தடி நரம்பைக் காற்று வில்லாக வளைத்துத் தள்ளும். தக்கை தானாகவே கரைக்கு நடந்து வரும். மாவு ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

இங்கே கொஞ்சம் கணக்கு (பயப்படாதீர்கள், இன்டர்னல் மார்க் கிடையாது). நரம்பின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் 0.20-க்கு 0.40 இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு! சாதாரண 0.20 மி.மீ. நைலான் சுமார் மூன்று கிலோ தாங்கும். எங்கள் ஏரி ஜிலேபியோ அரைக் கிலோ வந்தாலே கொண்டாட்டம். அரைக் கிலோ மீனுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ தாங்கும் கயிறு எதற்கு? கொசு அடிக்க உலக்கை தூக்கின கதை.

ஸ்பூல் லேபிளில் ‘எல்.பி.’ என்று போட்டிருந்தால் அது பவுண்ட். பாதிக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் கிலோ. 6 எல்.பி. என்றால் 2.7 கிலோ.

சரி, எந்த நரம்பு? யூ-டியூபைத் திறந்தால் ஆளாளுக்கு ‘பிரெய்டு போடுங்க ப்ரோ’ என்கிறார்கள். நானும் போட்டேன். பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்வது. அதே பருமன் நைலானைவிடப் பல மடங்கு பலம். ஆனால் நூல் மாதிரித் துவளும், தக்கையின் தலையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். தண்ணீரைவிட லேசு என்பதால் மேலேயே மிதக்கும், மறுபடி காற்றோடு மல்லுக்கட்டு. எல்லாவற்றையும்விட, அது நீளவே நீளாது. நம்மை மாதிரிக் கத்துக்குட்டி பதற்றத்தில் வெடுக்கென்று இழுத்தால் மீனின் உதடு கிழிந்து முள் மட்டும் வரும். முதல் சாயங்காலத்திலேயே சடை விழுந்து, கத்தரியால் வெட்டி எடுத்தேன்.

இன்னொன்று ஃப்ளோரோகார்பன். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, இதற்கு 1.42, நைலானுக்கு 1.5-க்கு மேல். அதனால் தண்ணீருக்குள் இது குறைவாகத்தான் தெரியும் என்பது விளம்பரம். ஃபிசிக்ஸ் சரிதான். ஆனால் எங்கள் ஏரித் தண்ணீர் டீக்கடை டீ கலரில் இருக்கிறது. அதில் எது தெரிந்தால் என்ன? விலையும் அதிகம், கனமும் அதிகம். சுற்றுவதற்கு வேண்டாம்.

ஆக, சாதா ஒற்றை இழை நைலான்தான் நமக்கு. விலை குறைவு, கொஞ்சம் நீண்டு கொடுக்கும், நம் தப்புகளை மன்னிக்கும். ஜிலேபி, சின்னக் கெண்டைக்கு 0.20. கட்லா, ரோகு விட்ட ஏரி என்றால் 0.25. கடையில் வெயில் படும் இடத்தில் தொங்கும் ஸ்பூலை வாங்காதீர்கள். வெயில் நைலானை மெல்ல மெல்லச் சாப்பிட்டுவிடும்.

நூறு மீட்டர் வாங்கினால் ரீல் பாதிகூட நிறையாது. பள்ளமாக இருந்தால் நரம்பு விளிம்பில் உரசும், வீச்சு போகாது. இங்கேதான் அந்த ஃப்ரீ தடி நரம்புக்கு வேலை! அதை அடியில் சுற்றி, மேலே புதுசை முடிச்சுப் போட்டுச் சுற்றினேன். விளிம்புக்கு இரண்டு மி.மீ. கீழே நிறுத்த வேண்டும். ஈரத் துணியால் பிடித்துக்கொண்டு, இறுக்கமாகச் சுற்ற வேண்டும். நரம்பு முறுக்கிக்கொண்டு வந்தால் தரையில் கிடக்கும் ஸ்பூலைத் திருப்பிப் போடுங்கள், சரியாகிவிடும்.

மறுநாள் ஐந்து ஜிலேபி! மாமாவைவிட இரண்டுதான் குறைவு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஹாஸ்டல் குரூப், எல்லா இடத்திலும் என் மீன்தான். இதோடு முடிந்திருந்தால் இது ஒரு வெற்றிக் கதை.

அதற்கடுத்த ஞாயிறு, தக்கை ஆடவில்லை, நேராக உள்ளே போய்விட்டது. இழுத்தேன். கம்பு வளைந்தது. ரீல் கத்தியது. கட்லாவாகத்தான் இருக்க வேண்டும். பதற்றத்தில் ரீலின் ட்ராக் திருகை இறுக்கினேன். ‘டப்’.

நரம்பு அறுந்தது முள்ளருகே இல்லை, தக்கைக்கு மேலே. முள், ஈயம், தக்கை, ஒரு கஜம் நரம்பு எல்லாவற்றோடும் மீன் போய்விட்டது. நடு ஏரியில் என் ஆரஞ்சுத் தக்கை எழும்பும், மூழ்கும், கொஞ்சம் தள்ளி மறுபடி எழும்பும். எனக்குச் சிரிப்பு வந்தது, மொபைலை எடுத்தேன். மாமா முகத்தைப் பார்த்து உள்ளே வைத்துவிட்டேன்.

“மீன் போனா போவட்டும். அது அந்தத் தக்கையை இழுத்துக்கினே சுத்தும்டா. கோரையில சிக்கிச்சுன்னா அங்கயே நின்னு சாவும். தின்னவும் ஆளில்ல.”

இருட்டும் வரை அந்தத் தக்கை தெரிந்துகொண்டே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

ராத்திரி மிச்ச நரம்பை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். தக்கை நகராமல் இருக்க அதன் தலையில் ஈயத்தைக் குறடால் நசுக்கியிருந்தேன் அல்லவா, அந்த இடத்தில் காயம். ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன்! எக்ஸாமில் படம் போட்டு, கலர் பென்சிலெல்லாம் வைத்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். கையில் இருந்த நரம்பில் பார்க்கத் தெரியவில்லை.

கடையில் யாரும் எனக்குச் சொல்லாத விஷயம் இதுதான். ஒரு நரம்பு போதாது, இரண்டு வேண்டும். ரீலில் 0.20 என்றால், முள் கட்டும் கடைசி ஒன்றரைச் சாண் மட்டும் 0.16. இரண்டையும் கண்ணியோடு கண்ணி கோத்துக்கொள்ளலாம். வீட்டு ஃப்யூஸ் மாதிரிதான். அறுந்தே தீர வேண்டும் என்றால் எங்கே அறுக வேண்டும் என்பதை நாம் முடிவு செய்வது. முள்ளருகே அறுந்தால் மீன் சின்ன முள்ளோடு தப்பிக்கும், தக்கையும் ஈயமும் நம்மிடம் திரும்பும்.

ஈயத்தை இப்போது விரலால்தான் அழுத்துகிறேன். நல்ல மிருதுவான ஈயத்துக்கு அதுவே போதும். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் உரசும் சூட்டில் நைலான் கெட்டுவிடும். ரூம்மேட்டின் தொங்கு தராசில் இரண்டு விதமாகவும் கட்டி இழுத்துப் பார்த்தோம். காய்ந்த முடிச்சுதான் முதலில் போனது. அதே தராசை வைத்து ட்ராக்கையும் செட் செய்தேன். மெலிந்த நரம்பு இரண்டு கிலோ தாங்கும் என்றால், அரைக் கிலோ இழுப்பிலேயே ரீல் சுழன்று நரம்பை விட வேண்டும்.

வெட்டிப் போடும் துண்டு நரம்பை ஏரியில் எறிந்து தொலைக்காதீர்கள். மதகுப் பக்கம் கருவேல மரத்தில் நரம்பு சுற்றித் தலைகீழாகத் தொங்கிய ஒரு நீர்க்காகத்தைப் பார்த்தேன். உயிர் போய் ரொம்ப நாளாகியிருந்தது. பொடிசாக நறுக்கி, பாட்டிலில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். இன்னொன்று, பல ஏரிகளில் மீன் உரிமை குத்தகையில் இருக்கும். கேட்டுவிட்டு உட்காருவது நல்லது.

லீவு முடிய இரண்டு நாள் இருந்தபோது மறுபடியும் தக்கை நேராக உள்ளே போனது. இந்த முறை திருகைத் தொடவில்லை. ரீல் பாட்டுக்குக் கத்திக்கொண்டே நரம்பை விட்டது. மாமா எழுந்து வந்து பின்னால் நின்றார். பத்து நிமிடம் இருக்கும். கரைக்கு இரண்டு ஆள் தூரத்தில் ஒரு பெரிய வெள்ளி வயிறு புரண்டது. ஒரு உதறல். நரம்பு தொய்ந்தது.

சுற்றினேன். தக்கை வந்தது. ஈயம் வந்தது. 0.16 மட்டும் முள் இருந்த இடத்தில் நறுக்கென்று அறுந்திருந்தது.

மாமா தக்கையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து வேறு ஒரு முள்ளை எடுத்து நீட்டினார்.

“கட்டு மாப்ள. எச்சி தொட்டுக்க.”