இரண்டாவது டிஸ்க் எங்கே போச்சு?

குட்டீஸ்! உங்கள் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் தூசி படிந்து கிடக்கிறதா? அதை எடைக்குப் போட அவசரப்படாதீர்கள். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, இப்போது ஓடும் கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டிப் பார்க்கலாம். அப்பா, அம்மா கல்யாணப் படம்கூட அதில் இருக்கலாம், யார் கண்டது?

ஆனால், மாட்டி முடித்து ஆசையோடு திரையைப் பார்த்தால், பல நேரம் பழைய சி, டி டிரைவ்கள் மட்டுமே நிற்கும். புதிதாக வந்தவரைக் காணோம்! ஏன்?

முதலில், கண்டிப்பான ஒரு விஷயம். பெட்டியைத் திறக்கும் முன் சுவரில் உள்ள பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பெட்டியின் இரும்புப் பகுதியை ஒரு முறை தொட்டுக் கொள்ளுங்கள். உங்கள் உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் அதில் இறங்கிவிடும்.

டிஸ்க்கின் பின்னால் இரண்டு கேபிள்கள் போகும். 2003க்குப் பின் வந்த சாட்டா வகை டிஸ்க்கில் சின்னது தகவலுக்கு, அகலமானது மின்சாரத்துக்கு. இரண்டில் ஒன்று லேசாகத் தளர்ந்தாலும் டிஸ்க் தெரியாது. அதற்கும் பழைய டிஸ்க் என்றால் 40 ஊசிகள் கொண்ட பட்டைக் கேபிள் இருக்கும். அதில் ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்குகள் என்பதால், ஒன்று 'மாஸ்டர்', மற்றது 'ஸ்லேவ்' என்று ஜம்பர் என்ற குட்டித் துண்டால் சொல்ல வேண்டும். இரண்டுமே 'நான்தான் மாஸ்டர்' என்றால் சண்டைதான்! இன்றைய மதர்போர்டுகளில் இந்தக் கேபிளுக்கு இடமே இருக்காது. கடையில் அடாப்டர் வாங்க வேண்டும்.

இனி, கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலிட் அல்லது எப்2 பட்டனைத் தட்டி, பயாஸ் திரைக்குப் போங்கள். பயாஸை வகுப்பு ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்பே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று வருகைப் பதிவு எடுப்பவர் இவர்தான். இந்தப் பட்டியலில் டிஸ்க்கின் பெயர் இல்லையென்றால், கோளாறு கேபிளில், மின்சாரத்தில், மாட்டிய இடத்தில் அல்லது டிஸ்க்கிலேயே இருக்கிறது. பெயர் இருந்தால், விண்டோஸைத்தான் விசாரிக்க வேண்டும். பாதி வேலை இந்த ஒரே கேள்வியில் முடிந்துவிடும். கடைக்காரர்களில் சிலர்கூட இதைப் பார்க்காமல், 'டிஸ்க் போச்சு' என்று சொல்லிவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

பெயர் இல்லையா? கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு மதர்போர்டில் வேறு இடத்தில் மாட்டிப் பாருங்கள். சில மதர்போர்டுகளில் எம்.2 வகை டிஸ்க் இருந்தால் ஒரு சாட்டா இடம் தானாகவே வேலை செய்யாமல் போகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வகுப்பில் யார் பேசியது என்று கண்டுபிடிக்க, எல்லோரையும் ஒன்றாகக் கேட்டால் நடக்குமா?

போன கோடையில், முட்டுக்காட்டில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படி ஒரு டிஸ்க்கைத் துணியில் சுற்றி எடுத்து வந்தான். கோவளம் கரையில் இருந்த அவர்களது பழைய வீடு, தாத்தா வலை பின்னுவது எல்லாம் காகிதப் படங்களாக இருந்தனவாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அவை போய்விட்டன. அதற்கு முன்பே சித்தப்பா ஸ்கேன் செய்து வைத்திருந்தது மட்டும்தான் மிச்சம். அது இந்த டிஸ்க்கில். தாத்தா இப்போது இல்லை.

பயாஸில் டிஸ்க் வரவே இல்லை. கழற்றிப் பார்த்தால் கேபிள் முனையில் பச்சை படிந்திருந்தது. முட்டுக்காட்டில் ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் படகு விடும் உப்பங்கழி. காற்றில் வரும் உப்புத் துகள், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செம்புக்கு அது எதிரி. கேபிளைப் புதிதாகப் போட்டு, டிஸ்க்கில் இரண்டு மூன்று தடவை செருகி எடுத்தோம். உரசலில் மெல்லிய அழுக்கு விலகும். பயாஸில் பெயர் வந்துவிட்டது!

பையன் துள்ளினான். ஆனால் விண்டோஸில் மறுபடியும் காணோம். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்தோம். எழுத்து இல்லாத ஒரு கட்டமாக டிஸ்க் நின்றது. அதில் கிளிக் செய்தால், 'டெலிட் வால்யூம்' ஒன்றுதான் செய்ய முடிந்தது. அவன் விரல் அதை நோக்கிப் போனது. நான் மவுஸைப் பிடித்துக் கொண்டேன்.

விஷயம் இதுதான். சித்தப்பா அந்தக் கம்ப்யூட்டரில் 'பாஸ்' லினக்ஸ் போட்டிருந்தார். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களிலும் இது இருந்தது. லினக்ஸ் டிஸ்க்கில் எழுதும் முறை வேறு. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. தமிழ் தெரியாதவர் கையில் தமிழ்ப் புத்தகம் கிடைத்த மாதிரி. தனக்குப் புரியவில்லை என்பதற்காக, சில சமயம் 'பார்மட் செய்யட்டுமா?' என்றும் கேட்கும். 'இனிஷியலைஸ்' என்றும் கேட்கும். புத்தம்புதிய டிஸ்க் என்றால் தாராளமாகச் சரி சொல்லலாம். பழைய டிஸ்க் என்றால், 'கேன்சல்' தவிர எதையும் தொடாதீர்கள். டிஸ்க் நல்லதாக இருந்து எழுத்து மட்டும் இல்லையென்றால், அங்கேயே ஓர் எழுத்து கொடுத்தால் உடனே வந்துவிடும்.

உபுண்டு லினக்ஸ் உள்ள பென் டிரைவில் கம்ப்யூட்டரைத் தொடங்கி, 'இன்ஸ்டால்' வேண்டாம், 'டிரை' மட்டும் போதும் என்று தேர்வு செய்தோம். வந்தன படங்கள்! தாத்தா, வலை, ஓலைக் கூரை எல்லாம். முதல் வேலையாக இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்தோம்.

டிஸ்க் 'டிக், டிக்' என்று விடாமல் அடித்தால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றும். படிக்கும் முனை அதன் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். அது தட்டில் உரசினால், ஒவ்வொரு சுற்றிலும் தகவல் தேய்ந்து போகும். திறந்து பார்க்கவும் கூடாது. தகவல் மீட்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

1956ல் ஐ.பி.எம். செய்த முதல் ஹார்டு டிஸ்க்கில் 50 தட்டுகள். ஒவ்வொன்றும் 24 அங்குல அகலம். மொத்தம் 50 லட்சம் எழுத்துகள்தான் கொள்ளும். உங்கள் போனில் ஒரே ஒரு படத்துக்கே அது போதாமல் போகலாம்!

சரி, ஒரு கணக்கு. 1 டி.பி. என்று அச்சிட்ட டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் கணக்கில் 1 டி.பி. என்றால் 1 லட்சம் கோடி பைட். அதை 1,024ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள்.