சதுப்பு நீரின் கரிய அமிலம்

பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் மக்கிக் குவிந்த பீட் என்னும் சதுப்பு மண்ணின் ஊடே வடிந்து வரும் ஸ்காட்லாந்து தேசத்து ஆறுகளின் ஜலம், சேறு கலவாதிருந்தும் செம்பழுப்பு நிறம் கொண்டு விளங்குவதற்கு, அதில் கரைந்துள்ள ஹியூமிக் அமிலங்கள் முக்கியமான காரணமாகும். 1786-ல் ஆக்கார்ட் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர் பீட் மண்ணின் சத்தை க்ஷாரத்தில் இறக்கி, அக்கரைசலில் அமிலம் சேர்த்தபோது கரிய வண்டல் படியக் கண்டார். இன்றும் ஹியூமிக் அமிலங்களைப் பிரிக்கும் முறை ஏறக்குறைய அதுவே.

க்ஷாரத்தில் கரைந்தது அமிலத்தில் திரள்வானேன்? இம்மூலக்கூறுகளிலுள்ள கார்பாக்ஸில், பீனால் தொகுதிகள் க்ஷார நீரில் ஹைட்ரஜன் அயனியைத் துறந்து எதிர்மின்னூட்டம் பெறுவதால், அவை ஒன்றையொன்று விலக்கியவாறு நீரில் விரிந்து நிற்கின்றன. அமிலம் மிகுந்து பி.எச். அளவு ஏறக்குறைய 2-க்கு இறங்கும்போதோ, அம்மின்னூட்டம் ஒழிய, நீருடன் சேராத ஸ்வபாவமுள்ள பாகங்கள் நீரை ஒதுக்கிவிட்டுத் தம்முள் கூடித் திரள்கின்றன. கால்சியம், இரும்பு, அலுமினியம் முதலிய உலோகங்களின் அயனிகள், அமிலத்தின் துணையின்றியே, இரு மூலக்கூறுகளை இடைநின்று பிணைத்து அக்காரியத்தைச் சாதித்துவிடும்.

ஷோல்கோவிட்ஸ் என்பவர் 1976-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வடிகட்டிய ஸ்காட்லாந்து ஆற்று நீருடன் கால்சியம் முதலிய அயனிகள் உள்ள கடல் நீரைக் கலந்தபோது, பால் திரிவதுபோல, ஹியூமிக் அமிலமும் இரும்பும் ஒருசேரத் துணுக்குகளாகத் திரண்டன. மலையிலிருந்து சுமந்து வந்த இரும்பின் பெரும்பகுதியை நதி முகத்துவாரத்திலேயே இழந்துவிடுகிறது.

இவ்விஷயத்தில் என் மனத்தை மிகவும் கவர்வது வேறொன்று. ஹியூமிக் அமிலங்கள் பிரம்மாண்டமான மூலக்கூறுகள் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. இத்தாலிய அறிஞர் பிக்கோலோ முதலியோரோ, புளிக்காடியின் அமிலத்தைச் சிறிது சேர்த்த மாத்திரத்தில் அவற்றின் தோற்றப் பருமன் குன்றுவதைக் கண்டு, சிறு மூலக்கூறுகள் பலவீனமான பந்தங்களால் கூடி நிற்கும் சமூகமே இது என்று வாதித்தனர். வலிய பிணைப்பென்று நாம் எண்ணியது கலையக்கூடிய கூட்டமாக இருந்ததென்றால், பழைய அளவீடுகள் பலவற்றையும் மறுபடி சீர்தூக்க வேண்டியதாகிறது; விவாதம் இன்னும் ஓயவில்லை.

குடிநீர் நிலையங்களுக்கோ ஹியூமிக் அமிலங்கள் உடனடிக் கவலை. இவ்வமிலங்கள் குளோரினுடன் சேர்ந்து குளோரோபாரம் உண்டாவதை ரோட்டர்டாம் நகரின் குடிநீரை ஆராய்ந்த ரூக் 1974-ல் தெரிவித்தார். ஆதலின் நிறமுள்ள நீரில் முதலில் படிகாரத்தைக் கலந்து, அதன் அலுமினியத்தால் இவற்றைத் திரட்டி வடிகட்டிய பின்னரே குளோரினை அளவாகச் சேர்ப்பது உத்தமமான முறை.