சிறிய தோட்டாவுக்கு எவ்வளவு பெரிய சட்டகம்?

ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கியில் குழல், தோட்டா அறைகளைக் கொண்ட உருளை, சுத்தியல், டிரிக்கர் ஆகிய அனைத்தையும் தாங்கி நிற்கும் உலோக உடலே சட்டகம் ஆகும். பெரிய தோட்டாக்களைப் பொறுத்தவரை, அறைகளின் விட்டமும் வெடிப்பழுத்தத்தைத் தாங்க வேண்டிய சுவர்களின் தடிமனும் சேர்ந்து உருளையின் பருமனை வரையறுத்துவிடுவதால், சட்டகத்தின் அளவைத் தோட்டாவே முடிவு செய்துவிடுகிறது. .22 அங்குலத் தோட்டாவின் குண்டோ சுமார் 5.6 மில்லிமீட்டர் விட்டமே உடையது. அது எந்தச் சட்டகத்திலும் அடங்கிவிடும் என்பதால், இங்கு முடிவு சுடுபவரின் கையைச் சார்ந்ததாகிறது.

அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவன வரலாற்றில் இதைத் தெளிவாகக் காணலாம். 1902 முதல் 1921 வரை அது செய்த ‘லேடிஸ்மித்’, ‘எம்’ எனும் மிகச் சிறிய சட்டகத்தில் ஏழு தோட்டாக்களைக் கொண்டிருந்தது. அதே காலத்தில், .32 தோட்டாவுக்கென அமைந்த சட்டகத்தில் .22 குழலைப் பொருத்துமாறு சான் பிரான்சிஸ்கோ வணிகர் பிலிப் பெக்கார்ட் கேட்டதன் பேரில் 1911 வாக்கில் ஒரு வகை பிறந்தது. மீன்பிடிக்கவும் முகாமிடவும் செல்வோர் பையில் கொண்டு செல்லும் ‘கிட் கன்’ 1935-இல் அதிலிருந்து உருவாகி, பின்னாளில் ‘ஜே’ சட்டகத்துக்கு மாறியது. இதற்கிடையே 1931-இல், காவல்துறையினரின் .38 ரிவால்வருக்குரிய ‘கே’ சட்டகத்தில் அமைந்த ‘கே-22’ இலக்குச் சுடுவோருக்காக வெளிவந்தது.

பெரிய சட்டகத்தின் பயன் பின்னுதைப்பைக் குறைப்பது என்று கருதுவது இயல்பே எனினும், கணக்கு வேறு உண்மையைக் காட்டுகிறது. 2.6 கிராம் குண்டு நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது, வெடிவாயுவை விட்டுக் கணக்கிட்டால், 680 கிராம் ரிவால்வர் நொடிக்கு ஏறத்தாழ 1.1 மீட்டர் வேகத்திலும், 1,090 கிராம் எடையுள்ளது 0.7 மீட்டர் வேகத்திலும் பின்வாங்கும். இரண்டுமே கைக்குப் பொருட்டல்ல. உண்மையான வேறுபாடு குண்டு புறப்படுவதற்கு முன்பே, டிரிக்கரை இழுக்கும் நேரத்தில் எழுகிறது. .22 தோட்டாவில் தீப்பற்றும் கலவை அடிப்பகுதியின் விளிம்புக்குள் இருப்பதால், அவ்விளிம்பு நசுங்கும் அளவுக்குச் சுத்தியல் வலுவாக அடிக்க வேண்டும். அதற்கான வலிமையை ‘ஜே’ சட்டகத்தில் சிறிய இடத்தில் அடங்கிய சுருள்வில்லும், ‘கே’ சட்டகத்தில் நீண்ட தட்டைவில்லும் தருகின்றன. ஆதலால் சுத்தியலை டிரிக்கராலேயே பின்னிழுத்துச் சுடும் முறையில், சிறியது விரலுக்குக் கடினமாகவும் பெரியது சீராகவும் அமைகிறது. கனமான துப்பாக்கி விரலின் அசைவுக்கு எளிதில் ஆடிவிடுவதும் இல்லை.

எடையை அமைப்பாளர்கள் எவ்வளவு அக்கறையுடன் அணுகினர் என்பதற்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த ‘மாஸ்டர்பீஸ்’ வரிசை வியக்கத்தக்க சான்று. ஒரே பருமனுள்ள குழலில் துளை சிறிதானால் மிஞ்சும் எஃகு அதிகமாகி எடை கூடும் என்பதால், குழலின் மேல் ஓடும் முகட்டின் அகலத்தை மாற்றி, .22, .32, .38 ஆகிய மூன்றும் தோட்டா நிரப்பிய நிலையில் ஒரே எடையுடன் இருக்குமாறு செய்தனர். மூவகைப் போட்டிகளிலும் சுடுபவரின் கை ஒரே பழக்கத்தைக் காத்துக்கொள்ள இது உதவியது.

நாள் முழுதும் இடுப்பில் சுமக்க வேண்டியவருக்கு ‘ஜே’ சட்டகமே ஏற்றது. இலக்குப் பயிற்சியே நோக்கமெனில் ‘கே’ சட்டகம் ஐயமின்றி மேலானது. ஆயினும் சிறிய கையுடையவர், எடையைப் பார்ப்பதற்கு முன், பிடியின் பின்புறத்திலிருந்து டிரிக்கர் வரையுள்ள தொலைவைப் பார்க்க வேண்டும். பிடியின் மரத்தைச் செதுக்கிக் குறைக்கலாமே தவிர, சட்டகத்தின் எஃகு முதுகைக் குறைக்க இயலாது.