தெருவோரச் சிறார் உலகக்கோப்பைக் கால்பந்தில் சென்னை அணிகள்

தெருவோரச் சிறார் உலகக்கோப்பை என்பது, தெருவில் வாழும் அல்லது முன்பு வாழ்ந்த சிறுவர் சிறுமியருக்காக நடத்தப்படும் பன்னாட்டுக் கால்பந்துப் போட்டியாகும். இதன் முதல் போட்டி 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடைபெற்றது. அதில் இந்தியா பட்டம் வென்றது. வட சென்னையின் தண்டையார்பேட்டையில் கருணாலயா என்ற தொண்டு நிறுவனம் இயங்குகிறது. 2014இல் ரியோ டி ஜெனிரோவுக்குச் சிறுவர் அணியும், 2018இல் மாஸ்கோவுக்குச் சிறுமியர் அணியும் இங்கிருந்து சென்றன.

இந்த அணிகளின் வரலாறு விளையாட்டோடு முடிவதில்லை. நாட்டின் பெயரில் ஆட வேண்டுமானால் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் பிறப்புச் சான்றும் முகவரியும் வேண்டும். நடைபாதையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் பெரும்பாலும் இல்லாதவை இவை இரண்டும்தான்.

போட்டியின் தோற்றம்

2010ஆம் ஆண்டு பிஃபா உலகக்கோப்பை தென்னாப்பிரிக்காவில் நடந்தது. பெரிய விழாக்களுக்கு முன்பு நகரை அழகாகக் காட்டுவதற்காகத் தெருச் சிறாரைக் காவல்துறை வண்டிகளில் ஏற்றி அப்புறப்படுத்தும் வழக்கம் டர்பனில் இருந்தது. இதனை அங்குள்ள குழந்தை உரிமை அமைப்புகள் எதிர்த்து வந்தன. உலகக்கோப்பைக்குச் சில மாதங்களுக்கு முன்பு, அதே நகரில், அதே சிறாரை நடுவில் நிறுத்தி ஒரு போட்டி நடத்தினால் உலகின் பார்வை அவர்கள்மீது விழும் என்ற எண்ணத்திலிருந்தே இந்தப் போட்டி பிறந்தது. பிரித்தானியாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ட்ரீட் சைல்டு யுனைடெட் என்ற அமைப்பு இதனை நடத்தி வருகிறது. பிஃபா உலகக்கோப்பை நடைபெறும் ஆண்டுகளில், அது நடைபெறும் நாட்டில், அதற்குச் சற்று முன்னதாக இப்போட்டி நடத்தப்படுகிறது.

ஆட்டம் 11 பேர் ஆடும் முழு ஆட்டம் அன்று. சிறிய மைதானத்தில் குறைந்த ஆட்களுடன் குறுகிய நேரம் ஆடப்படுகிறது. பதின்ம வயதினர் மட்டுமே கலந்துகொள்ளலாம். ஆட்டங்களுடன் ஓவியம், நடனம் போன்ற கலை நிகழ்ச்சிகளும், சிறார் தங்கள் உரிமைகளைப் பற்றித் தாங்களே பேசும் மாநாடும் நடைபெறும். வன்முறையிலிருந்து பாதுகாப்பு, கல்வி, சட்டப்படியான அடையாளம் ஆகியவை அந்த மாநாடுகளில் திரும்பத் திரும்ப எழும் கோரிக்கைகள்.

இப்போட்டியை வீடற்றோர் உலகக்கோப்பையுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2003இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தொடங்கிய அது, ஓர் அணிக்கு நால்வர் வீதம் ஆடும் வேறு போட்டியாகும். அதில் பெரியவர்களும் பங்கேற்கின்றனர்.

தெருவோரச் சிறார் யார்?

ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு 2017இல் தெருச் சிறார் குறித்து 21ஆம் எண் பொதுக் கருத்துரையை வெளியிட்டது. தனியாகவோ, நண்பர்களுடனோ, குடும்பத்துடனோ தெருவில் வாழ்பவர்களும், பிழைப்புக்குத் தெருவை நம்பியிருப்பவர்களும் இதில் அடங்குவர் என்று அது விளக்குகிறது. எனவே பெற்றோர் இல்லாதவர் மட்டுமே தெருச் சிறார் என்று கருதுவது சரியன்று. சென்னையில் தாய், தந்தை, பாட்டி என்று குடும்பமாகவே நடைபாதையில் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்பவர்கள் உள்ளனர். வீட்டைவிட்டு ஓடிவந்து ரயில் நிலையங்களில் தங்குபவர்கள் மற்றொரு வகையினர். இவ்விரு வகையினரின் தேவைகளும் வேறு வேறு. முதல் வகையினருக்கு வேண்டியது குடியிருப்பு. இரண்டாம் வகையினருக்கு வேண்டியது பாதுகாப்பும் குடும்பத்துடன் மீண்டும் இணைவதும்.

வட சென்னைப் பின்னணி

துறைமுகம், ரயில்வே, மொத்தச் சந்தை ஆகிய மூன்றும் வட சென்னையின் பிழைப்பைத் தீர்மானித்தவை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. துறைமுகத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுனில் மூட்டை தூக்குவது, தள்ளுவண்டி இழுப்பது, காய்கறி பிரிப்பது ஆகிய வேலைகளுக்கு ஆட்கள் எப்போதும் தேவைப்பட்டனர். விடியற்காலையில் வேலை கிடைக்க வேண்டுமானால் சந்தையின் அருகிலேயே படுத்திருக்க வேண்டும். நடைபாதைக் குடும்பங்கள் உருவானதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். 1996இல் கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. ஆனால் மக்கள் அனைவரும் அதனுடன் இடம்பெயரவில்லை. அதே ஆண்டு பெரம்பூர் பின்னி ஆலையும் மூடப்பட்டது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம், திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகள் ஆகியவை தொடர்ந்து வேலை தந்தாலும், நிலையான வேலைகள் குறைந்து நாள்கூலி வேலைகளே மிஞ்சின.

விளையாடும் இடமும் இப்பகுதியில் சுருங்கியது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து கடலோரமாக நகர்ந்துவரும் மணலைத் தடுத்து நிறுத்துகின்றன. அதனால் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. இன்று அங்கு மணலுக்குப் பதிலாகக் கருங்கல் தடுப்புகளே நீண்டு கிடக்கின்றன. அவற்றை ஒட்டிய எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. தென் சென்னைச் சிறுவன் கடற்கரை மணலில் பந்து உதைக்க, வட சென்னைச் சிறுவன் தெருவிலும் பள்ளி மைதானத்திலும் ரயில்வே நிலத்திலும் இடம் தேட வேண்டியிருந்தது.

ஆயினும் கால்பந்து இங்கு ஆழமாக வேரூன்றியது. ஒரு பந்து இருந்தால் இருபது பேர் ஆடலாம். மட்டை வேண்டாம், காலணிகூட வேண்டாம். அருகிலுள்ள வியாசர்பாடி 'குட்டி பிரேசில்' என்றே அழைக்கப்படுகிறது. 2017-18ஆம் ஆண்டு ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடியில் வளர்ந்தவர். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் அணியின் வெற்றிக் கோலை அடித்த நந்தகுமார் சேகரும் வட சென்னைக்காரர்.

கருணாலயா

கருணாலயா சமூக சேவை சங்கம் 1995இல் பால் சுந்தர் சிங் அவர்களால் தொடங்கப்பட்டது. தெருவிலும் ரயில் நிலையங்களிலும் சிறாரைச் சந்தித்துப் பேசுவது, தங்குமிடம் அளிப்பது, பள்ளியில் சேர்ப்பது, நடைபாதைக் குடும்பங்களின் குடியிருப்பு உரிமைக்காக வாதாடுவது ஆகியவை இதன் பணிகள்.

இத்தகைய அமைப்புகளில் விளையாட்டுக்கு ஒரு தனிப் பயன் உண்டு. தெருவில் வாழும் பிள்ளை பெரியவர்களை எளிதில் நம்புவதில்லை. "பள்ளிக்கு வா" என்று அழைத்தால் மறுநாள் அந்த இடத்திலேயே இருக்க மாட்டான். பந்துடன் போனால் தானாக வந்து சேருவான். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஆட வருவது, விதிக்குக் கட்டுப்படுவது, தோற்றாலும் மறுநாள் திரும்ப வருவது ஆகியவை பழகிவிட்டால், வகுப்பறையில் உட்காருவது அவ்வளவு கடினமாக இராது.

டர்பன் 2010

முதல் போட்டியில் இந்தியா, தான்சானியா, பிரேசில், பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட நாடுகளின் அணிகள் பங்கேற்றன. இறுதியாட்டத்தில் இந்தியா தான்சானியாவை 1-0 என்ற கணக்கில் வென்றது. தோற்ற தான்சானியா நான்கு ஆண்டுகள் கழித்து ரியோவில் சிறுவர் பட்டத்தைக் கைப்பற்றியது.

இந்த வெற்றியை இந்தியாவின் அதிகாரப்பூர்வ இளையோர் அணியின் சாதனைகளுடன் ஒப்பிட்டால் அதன் அருமை விளங்கும். அந்த அணி ஆசிய இளையோர் பட்டத்தை ஒரே ஒரு முறை, 1974இல் பாங்காக்கில், ஈரானுடன் பகிர்ந்துகொண்டது. இறுதியாட்டம் 2-2 எனச் சமனில் முடிந்தது. 2017இல் இந்தியாவிலேயே நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வியுற்றது. கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் அடித்த ஒரே கோல்தான் அப்போட்டியில் இந்தியாவின் கோல். இரண்டு போட்டிகளின் தரமும் வேறு என்பது உண்மையே. டர்பன் போட்டி பிஃபாவின் கணக்கில் வராது. எனினும் கால்பந்தில் 'உலகக்கோப்பை' என்ற பெயருடைய ஒரு கோப்பையை இந்தியாவின் பெயரில் வென்றவர்கள் நடைபாதைப் பிள்ளைகள் என்பது பலரும் அறியாத செய்தி.

ரியோ, மாஸ்கோ

2014 மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் ரியோ டி ஜெனிரோவில் இரண்டாவது போட்டி நடந்தது. சிறுவர், சிறுமியர் எனத் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. சிறுமியர் பட்டத்தைப் பிரேசில் வென்றது. 2018 மே மாதம் மாஸ்கோவில் மூன்றாவது போட்டி நடைபெற்றபோது, சென்னையிலிருந்து சிறுமியர் அணி சென்றது. சிறுவர் பிரிவில் உஸ்பெகிஸ்தானும், சிறுமியர் பிரிவில் மீண்டும் பிரேசிலும் வென்றன. 2022 அக்டோபரில் தோகாவில் நடந்த போட்டிக்கு 28 அணிகள் வந்தன. அங்கும் சிறுமியர் பட்டம் பிரேசிலுக்கே கிடைத்தது.

மாஸ்கோவுக்குச் சிறுமியர் அணி சென்றதற்குத் தனிச் சிறப்பு உண்டு. நடைபாதைக் குடும்பங்களில் பெண் பிள்ளைகள் பூப்படைந்ததும் பாதுகாப்புக்கு அஞ்சிப் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுவதும், இளவயதில் மணமுடிக்கப்படுவதும் நடக்கின்றன. கதவில்லாத இடத்தில் பெண்ணை எப்படி வைத்துக் காப்பது என்ற தாயின் கவலை பொய்யானதன்று. அத்தகைய சூழலில் கால்சட்டை அணிந்து மைதானத்தில் ஓடுவதே ஒரு பெரிய மாற்றம்.

வயது வரம்பு இருப்பதால் இந்த அணிக்கு நிலையான ஆட்டக்காரர்கள் கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிய பிள்ளைகளைத் தேடிப் புதிதாகப் பயிற்சி தர வேண்டும். அணியின் தொடர்ச்சி ஆட்டக்காரர்களிடம் இல்லை, அவர்களைத் தயார்படுத்தும் இடத்தில் இருக்கிறது.

சான்றிதழும் கடவுச்சீட்டும்

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன்படி, குழந்தை பிறந்த 21 நாள்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் நடுவரின் ஆணை பெற்றே பதிய முடியும். அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் பிறப்பு பதிவாகியிருந்தாலும், பெயர் எழுதும் இடம் காலியாகவே இருப்பதுண்டு. நிலையான இருப்பிடம் இல்லாத குடும்பம் மழையிலும், வெளியேற்றத்திலும், தீ விபத்திலும் முதலில் இழப்பது காகிதங்களைத்தான்.

2010இல் இது இன்னும் கடினம். 1989 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான சான்றாக அப்போது பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்பட்டது. டர்பன் சென்ற பிள்ளைகள் அனைவரும் அந்த வயதுப் பிரிவினர். முதல் ஆதார் எண் வழங்கப்பட்டதே அந்த ஆண்டு செப்டம்பர் மாதம்தான். கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது போட்டி முடிந்தபின், 2010 ஏப்ரல் 1 அன்று.

2016 டிசம்பரில் விதிகள் தளர்த்தப்பட்டன. பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார் போன்றவையும் பிறந்த தேதிக்குச் சான்றாக ஏற்கப்பட்டன. பிறப்புச் சான்று இல்லாத ஆதரவற்ற குழந்தைகளுக்கு, இல்லத்தின் தலைவர் அமைப்பின் கடிதத்தாளில் தரும் உறுதிமொழி போதுமென்று அறிவிக்கப்பட்டது. இந்த மாற்றத்துக்குப் பின்னரே மாஸ்கோ அணி சென்றது.

ஒரு முறை பெற்ற சான்றிதழ் போட்டியுடன் முடிந்துவிடாது. பத்தாம் வகுப்புத் தேர்வு, சாதிச் சான்று, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, வேலை விண்ணப்பம் ஆகிய எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை. கோப்பை அலமாரியில் இருக்கும். பிறப்புச் சான்று வாழ்நாள் முழுவதும் உடன் வரும்.

கிரிக்கெட்டில் தொடர்ச்சி

2019இல் லண்டனில் முதல் தெருவோரச் சிறார் கிரிக்கெட் உலகக்கோப்பை நடந்தது. சிறுவரும் சிறுமியரும் ஒரே அணியில் ஆடினர். சென்னையின் கருணாலயாவும் மும்பையின் மேஜிக் பஸ் அமைப்பும் சேர்ந்து அனுப்பிய தென்னிந்திய அணி, லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் இங்கிலாந்தை வென்றது. 2023இல் அடுத்த போட்டி சென்னையிலேயே நடத்தப்பட்டது.

தாக்கம்

ஏப்ரல் 12ஆம் நாள் பன்னாட்டுத் தெருச் சிறார் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆபத்தில் உள்ள குழந்தையைக் காண்போர் 1098 என்ற இலவச எண்ணை நாளின் எந்நேரமும் அழைக்கலாம்.

சென்னை அணிகளின் வரலாறு பள்ளிகளுக்கும் ஒன்றைக் கூறுகிறது. முகவரி இல்லை, சான்றிதழ் இல்லை என்று ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கட்டாயக் கல்விச் சட்டத்தின் 14ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது. டர்பனில் கோப்பையைத் தூக்கிய பிள்ளைகளைப் போன்றவர்கள் இன்றும் ராயபுரம், ஜார்ஜ் டவுன் நடைபாதைகளில் வளர்கின்றனர். அவர்களுக்கு முதலில் வேண்டியது, பெயருடன் கூடிய ஒரு பிறப்புச் சான்றும் வகுப்பில் ஓர் இடமும்.